விடைத்தாளில் இல்லாத சிந்தாதிரிப்பேட்டை

சொல்வதை எழுது, தெரிந்ததை எழுதாதே. எங்கள் கல்லூரி மாணவர்கள் நடத்திய ஸ்கிரைப் குழுவின் வாட்ஸ்அப்பில், குழுவின் பெயருக்குக் கீழே இந்த வரிதான் இருக்கும். அதைத் தட்டச்சு செய்து போட்டவள் நான். பார்வையில்லாதவர்கள் தேர்வறையில் வாயால் விடை சொல்வார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அதை எழுதுவது ஸ்கிரைப்பின் வேலை. ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் முதலாண்டுப் பிள்ளைகளை மைதானத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, நாம் அவர்களுக்குக் கை மட்டும்தான், மூளை அவர்களுடையது என்று நான் பேசுவேன். பேசி முடித்ததும் கை தட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

கல்லூரியில் சமூக சேவைக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரையில் குப்பை பொறுக்குவது, ரத்த தானம், மரக்கன்று நடுவது என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பாதி சேவை போட்டோ எடுத்ததும் முடிந்துவிடும். கன்றை நட்டவர்கள் அதற்குத் தண்ணீர் ஊற்றப் போனதாக எனக்கு நினைவில்லை. ஸ்கிரைப் வேலையில் போட்டோ எடுக்க வழியில்லை, ஏனென்றால் தேர்வறைக்குள் போனை விடமாட்டார்கள். அதனாலேயே எங்கள் குழு மற்றதைவிட ஒரு படி உசத்தி என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது. ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருந்தார், கையெழுத்துப் போட மட்டும். யாருக்கு யார் எழுதுவது, யார் பாடம் படித்து ஒலிப்பதிவு செய்து அனுப்புவது என்பதையெல்லாம் நாங்களே பார்த்துக்கொண்டோம். இரண்டாம் ஆண்டிலேயே அந்தப் பட்டியல் என் கைக்கு வந்துவிட்டது.

இது அந்த ஆண்டு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றியது. அதைத் தவறு என்று சொல்லிவிட்டால் சின்னதாகிவிடும்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். இருபத்தெட்டு வயதிருக்கும், பிறவியிலேயே பார்வையில்லை. சிந்தாதிரிப்பேட்டையில் கூவத்தை ஒட்டிய ஒரு சந்தில் அம்மாவோடு குடியிருந்தார். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் வேலை, அதுவும் ஒப்பந்தத்தில். பட்டம் இருந்தால் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தொலைதூரக் கல்வியில் வரலாறு எடுத்து, வேலைக்குப் போய்க்கொண்டே எல்லாத் தாளையும் முடித்து, கடைசியில் ஒன்றே ஒன்று பாக்கி நின்றது. அதற்கு முன்பே இரண்டு முறை தேர்வறைவரை போய் வந்தாயிற்று. ஒரு முறை வருவதாகச் சொன்ன ஸ்கிரைப் வரவேயில்லை. இன்னொரு முறை வந்தவருக்கு வேகம் போதவில்லை. இத்தனை ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடு இந்த முறையோடு தீர்ந்தது. இதிலும் போனால் பாஸ் செய்த தாள்களும் செல்லாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதையெல்லாம் அவர் போனில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, எழுத்து வேகமா இருக்கிற ஆளாப் பாத்து அனுப்புமா என்றார். ஸ்கிரைப்பாகப் போகிறவர் அந்தப் பாடத்தைப் படிக்கிறவராக இருக்கக் கூடாது என்பது விதி. நான் வணிகவியல். விதிப்படி எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் பிளஸ் டூவில் வரலாற்றில் நான் பள்ளிக்கே முதல், அதை எந்தப் படிவத்திலும் கேட்கவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே என் பெயரைப் போட்டுக்கொண்டேன்.

தேர்வு மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் நடந்தது. எங்களுக்குத் தனி அறை. கண்காணிப்பாளர் ஒருவர், பழைய மின்விசிறி ஒன்று. அந்த விசிறி சுற்றியதைவிடக் கத்தியது அதிகம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து கையை மேசைமேல் வைத்துக்கொண்டார். சொல்லிக்கொண்டே வருவார், வாக்கியம் முடிந்தால் விரலால் ஒரு தட்டு, பத்தி முடிந்தால் இரண்டு. ஒரு விடை முடிந்ததும் நான் எழுதியதைத் தாழ்ந்த குரலில் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். கேட்டு, தலையாட்டி, அடுத்தது என்பார். முதல் ஒன்றரை மணி நேரம் அருமையாகப் போனது. எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி வந்தது. கம்பெனி ஆட்சியின் தொடக்கத்தில் சென்னை நெசவாளர்களின் நிலை பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அக்கா சொல்ல ஆரம்பித்தார். கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்தது. நெசவாளர்கள் ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தார்கள். அவர்களை ஓரிடத்தில் குடிவைத்தால் துணி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும் என்று கம்பெனி கணக்குப் போட்டது. நூற்பவர்கள், நெய்பவர்கள், வெளுப்பவர்கள் என்று கூட்டிவந்து கூவம் ஓரத்தில் குடியேற்றினார்கள். அப்படி உண்டான ஊர்தான் சிந்தாதிரிப்பேட்டை. ஒரு தட்டு.

என் பேனா நின்றது. எனக்குத் தெரிந்த சிந்தாதிரிப்பேட்டை, மீன் மார்க்கெட்டும் வண்டி நகர முடியாத தெருக்களும்தான். நான் படித்த பாடத்தில் இந்த ஊரே கிடையாது. பாவம், பதில் தெரியாமல் சொந்தத் தெருவின் கதையைச் சொல்கிறார் என்று நினைத்தேன். திருத்துகிறவர் சிரிப்பார், பத்தும் போகும், கெடுவும் போகும். இங்கிலாந்திலிருந்து இயந்திரத் துணி வந்து இறங்கியதும் நெசவாளர் வாழ்வு நசிந்த கதை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் சிந்தாதிரிப்பேட்டையைச் சொல்லச் சொல்ல நான் இயந்திரத் துணியை எழுதினேன். அவர் தட்டிய இடத்தில் எல்லாம் புள்ளி வைத்தேன். விசிறியின் இரைச்சலில் பேனா ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

பிறகு திருப்பிப் படிக்கும் நேரம் வந்தது. எனக்கு நினைவாற்றல் அதிகம், சின்ன வயதிலிருந்தே அதற்காகப் பரிசு வாங்கியவள். விடைத்தாளைப் பார்த்தபடியே, அதில் இல்லாத அவருடைய வாக்கியங்களை ஒன்றுகூட விடாமல் சொன்னேன். நூற்பவர்கள், நெய்பவர்கள், வெளுப்பவர்கள். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். வெளியே வந்ததும் என் தோளைத் தேடிப் பிடித்து, இத்தனை வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக எழுதியதில்லை என்றார். நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். ஒருவருக்கு அவருக்கே தெரியாமல் உதவி செய்துவிட்ட கிறக்கம் அது. வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன்.

முடிவு வந்தது. மூன்று மதிப்பெண்ணில் போய்விட்டது.

அக்கா அழவில்லை, அழுததாக எனக்குத் தெரியவில்லை. விடைத்தாளின் நகலுக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், வந்ததும் நான்தான் வந்து படித்துக் காட்ட வேண்டும் என்றும் போனில் சொன்னார். தபாலில் நகல் வந்ததும் மறுபடி கூப்பிட்டார். அவருடைய அம்மா புரட்டிப் பார்த்ததில் அந்தப் பத்து மதிப்பெண் கேள்விக்கு ஒன்றரைதான் போட்டிருக்கிறதாம். பாடத்தில் இருப்பதை அப்படியே சொன்னேன், உங்கள் குழு அனுப்பிய ஒலிப்பதிவில் இருப்பதைத்தான் சொன்னேன், எப்படி ஒன்றரை போடுவார்கள், மறுமதிப்பீட்டில் எழுதிக் கேட்கப் போகிறேன் என்றார். அந்தக் குரலில் சந்தேகமே இல்லை.

எங்கள் குழுவின் ஒலிப்பதிவுகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் இருந்தன. தேடி எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். எங்கள் குழுப் பெண் ஒருத்தி மூக்கடைத்த குரலில் பாடத்தைப் படித்துக்கொண்டு போனாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் சிந்தாதிரிப்பேட்டை வந்தது. கூவம் ஓரம், நூற்பவர்கள், நெய்பவர்கள், வெளுப்பவர்கள். இயந்திரத் துணி அந்தப் பாடத்திலேயே இல்லை. அது வெகுகாலம் கழித்து வந்த கதை. தொடக்கத்தில் என்று கேள்வியிலேயே இருந்த சொல்லை நான் படித்திருந்தேன், மதிக்கவில்லை.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினேன். ஐந்தாவது நிறுத்தம்தான் சிந்தாதிரிப்பேட்டை. வழியெல்லாம் ஒரு யோசனை கூடவே வந்தது. அன்று போலவே நினைவிலிருந்து சொல்லிவிடலாம். அக்காவின் அம்மா ஒரு பைண்டிங் கடையில் தாள் மடிக்கிறவர், பகலில் வீட்டில் இருக்கமாட்டார். யாருக்கும் தெரியாது. இந்த யோசனை எனக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது, கலங்கரை விளக்கம் நிறுத்தம் வரை இருந்தது. அப்படிச் சொன்னால் தாளில் இல்லாத ஒன்றுக்காக அக்கா மனுப்போட்டு, அலைந்து, வெறுங்கையோடு திரும்புவார் என்பதை அதற்குப் பிறகுதான் நினைத்தேன்.

அவர்கள் வீடு ஓர் அறை, அதைத் தடுத்துச் சமையலுக்கு ஓர் இடம். அக்கா பாயை விரித்து வைத்திருந்தார். நகலை என் கையில் கொடுத்து, எதிரே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நேராகப் பத்து மதிப்பெண் கேள்விக்குப் போகச் சொன்னார். நான் பக்கத்தைத் திருப்பினேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. அதன்மேல் சிவப்பு மையில் வட்டமிட்ட ஒன்றரை, ஓரத்தில் வினாவுக்குரிய காலம் அன்று என்று ஒரு குறிப்பு. நான் அந்தக் குறிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாமா, படி. அதுல இன்னா கீதோ அத்த படி."

படித்தேன். இயந்திரத்தில் நெய்த அந்நியத் துணி வந்து இறங்கியதும், என்று தொடங்கி ஒரு வரி முடிப்பதற்குள் கையை உயர்த்தினார்.

"இது நான் சொல்லல."

"இல்லக்கா. நான் எழுதினது."

"அன்னிக்கித் திருப்பிப் படிச்சியே. சிந்தாரிப்பேட்டைனு படிச்சியே."

"நீங்க சொன்னத ஞாபகத்துல வச்சு சொன்னேன். தாள்ல அது இல்லக்கா."

வெளியே யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். அது நான்கைந்து உதைக்குப் பிறகு கிளம்பிப் போனது. நான் பேசினேன், நிறையப் பேசினேன். உங்களுக்கு நல்லது என்று நினைத்துத்தான், நீங்கள் பாஸாக வேண்டும் என்றுதான், சத்தியமாக வேறு எண்ணமே இல்லை என்று. சொல்லச் சொல்ல எனக்கே அது நாறியது. அக்கா குறுக்கிட்டார்.

"நான் சொன்னது தப்பாவே இருக்கட்டும். அதுக்கு நான் ஃபெயிலாயிருந்தா, நான் ஃபெயிலாயிருப்பேன். இப்ப யாரு ஃபெயிலாயிக்கிறது?"

நகலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

பிறகு, தான் என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொன்னார். ஸ்கிரைப் விடையை மாற்றி எழுதிவிட்டார், எனக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கு மனு அனுப்பப் போகிறார். அதில் நான் செய்ததை நான் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். யோசித்துச் சொல், ஆனால் சனிக்கிழமைக்குள் சொல் என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பவும் செய்தார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

குழுவில் என்னோடு பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பனிடம் மறுநாள் கல்லூரி கேண்டீனில் வைத்துச் சொன்னேன். சமோசாவைக் கையில் வைத்தபடியே கேட்டவன், கையெழுத்துப் போடாதே என்றான்.

"மச்சி, விஷயம் வெளிய போச்சுன்னா ஸ்கிரைப் டீமையே இழுத்து மூடிடுவாங்க. இந்த செமஸ்டருக்கு நாப்பது பேரு நம்மள நம்பிக்கினு கீறாங்க. நீ ஒருத்தி பண்ணதுக்கு அவங்க இன்னா பண்ணுவாங்க?"

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த நாற்பது பேரும் உண்மை. ஆனால் அதைக் கேட்டதும் எனக்கு வந்தது கவலை இல்லை, அப்பாடா என்ற ஒரு சந்தோஷம். தப்பிக்க எவ்வளவு கௌரவமான வழி கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளியது. வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது அவளும் என் பக்கம்தான் நின்றாள். நல்லதுன்னு நெனச்சுண்டுதானேடி பண்ணினே, அதுக்குப் போய் யாராவது எழுதிக் கொடுப்பாளா என்றாள். பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். நல்லது என்று நினைத்துக்கொண்டு செய்தேன் என்பதுதான் எல்லாவற்றிலும் மோசமான பகுதி என்று அவளிடம் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

சனிக்கிழமை அக்காவுக்குப் போன் செய்தேன். நாற்பது பேர் விஷயத்தைச் சொன்னேன். நான் பயப்படவில்லை, அவர்களுக்காகத்தான் கேட்கிறேன் என்பதுபோலக் குரலை வைத்துக்கொண்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அந்த நாப்பது பேரும் அவங்க பேப்பர்ல இன்னா கீதுன்னு தெரிஞ்சிக்கினு போவட்டும்மா. எனக்குத் தெரியாமப் போச்சி பாரு."

அன்று மதியமே போனேன். இந்த முறை அவருடைய அம்மாவும் இருந்தார். ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். எழுதத் தாளும் பேனாவும் நான் கொண்டுபோயிருந்தேன். அக்கா சொல்லத் தொடங்கினார். தேர்வில் சொன்ன அதே நிதானம், அதே விரல் தட்டு. என்ன கேள்வி, தான் சொன்ன விடை என்ன, தாளில் இருக்கும் விடை என்ன, திருப்பிப் படித்தபோது என்ன நடந்தது என்று நான்கே பத்தி. என்னைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் இல்லை. இனிமேல் எல்லா ஸ்கிரைப் தேர்விலும் கண்காணிப்பாளர் நடுவில் ஏதாவது ஒரு விடையை எடுத்துத் தானே படித்துக் காட்ட வேண்டும் என்றும், குழுவை நிறுத்த வேண்டாம் என்றும் கடைசிப் பத்தியில் கேட்டிருந்தார்.

ஸ்கிரைப் விடையை மாற்றி எழுதினார் என்ற வரி வந்தபோது, அதற்கு முன்னால் நல்லெண்ணத்தில் என்று ஒரு சொல்லைச் சேர்க்க என் கை போனது. இவ்வளவுக்குப் பிறகும் போனது. அந்த வீட்டில் விசிறி சத்தம் போடவில்லை.

"நான் நிறுத்தினப்புறம் பேனா ஓடுது" என்றார் அக்கா.

அந்தச் சொல்லை அடித்தேன். அடித்தது தெரியாமல் இருக்க வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். முடித்ததும் வழக்கப்படி திருப்பிப் படிக்க வாயைத் திறந்தேன். அவர் கையை நீட்டித் தாளை வாங்கி, அம்மா இருந்த பக்கம் கொடுத்தார்.

அந்த அம்மா ஐந்தாவதுவரை படித்தவர். ஆயுள் முழுக்க அச்சடித்த தாளை மடித்தவர், அதைப் படிக்க வேண்டிய தேவை அவருக்கு வந்ததில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தாளைப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டத் தொடங்கினார். தே, தேர், தேர்வு. நான்கு பத்தியையும் அப்படியே படித்தார். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் அக்கா காத்திருந்தார், எடுத்துக் கொடுக்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் அரை நிமிடத்தில் ஓட்டிவிடக்கூடிய அந்தத் தாளை அவர் படித்து முடிக்க இருபது நிமிடம் ஆகியிருக்கும். அத்தனை நேரமும் நான் தலை குனிந்து அந்தப் பாயின் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

"சரியா கீதா, அம்மா?" என்று அக்கா கேட்டார். இருப்பதாக அவர் சொன்னார். தேர்வன்று கையெழுத்துப் போடும் இடத்தில் ஸ்கேலை வைத்து அக்காவின் விரலை அதன்மேல் கொண்டுபோய் வைத்தவள் நான். இந்த முறை அதை அவருடைய அம்மா செய்தார். அதற்குக் கீழே நான் என் கையெழுத்தைப் போட்டேன்.

விசாரணை நடந்தது, கல்லூரியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், நான் சொன்னேன். குழுவை மூடவில்லை. அக்கா கேட்டிருந்த அந்த விதியையும் சேர்த்துக்கொண்டார்கள். பட்டியலிலிருந்து என் பெயரை நானே எடுத்தேன், வாட்ஸ்அப்பில் நான் போட்ட வரி மட்டும் அப்படியே இருந்தது. ஐந்து மாதம் கழித்து அக்காவுக்கு ஒரே ஒரு சிறப்பு வாய்ப்பு கொடுத்தார்கள். அவருக்கு எழுதப் போனது முதலாண்டுப் பெண் ஒருத்தி. அவர் பாஸான செய்தி எனக்குக் குழுவின் வழியாகத்தான் தெரிந்தது. அக்கா என்னைக் கூப்பிடவில்லை. வாழ்த்துச் சொல்ல நானும் கூப்பிடவில்லை, அந்த உரிமை எனக்கு இல்லை.

எழுதிய பெண்ணை ஒரு நாள் மைதானத்துப் படிக்கட்டில் பார்த்தபோது, தேர்வு எப்படிப் போனது என்று மட்டும் கேட்டேன். அவள் இயற்பியல் படிக்கிறவள், கையெழுத்துகூடச் சுமார்தான். அக்கா அறைக்குள் வந்ததும் பேர்கூடக் கேட்கவில்லையாம், முதலில் ஒன்றைத்தான் கேட்டாராம்.

"உனக்கு சரித்திரம் தெரியுமாமா?"

சுத்தமாத் தெரியாதுக்கா என்று இவள் பயந்துகொண்டே சொல்லியிருக்கிறாள்.

"நல்லதாப் போச்சி. குந்து."